இடித்தேவன் கொடி மாத்திரைக்கு மாறலாமா?

கேள்வி: என் தங்கைக்கு வயது 31. இரண்டு வருடமாகச் சரவாங்கி என்ற மூட்டு நோய். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறாள். மலேசியாவிலிருந்து வந்த உறவினர் ‘லெய் கோங் தெங்’ என்ற சீன மூலிகை மாத்திரை கொடுத்திருக்கிறார். மூலிகைதானே, அதற்கே மாறிவிடலாமா? அடுத்த வருடம் அவளுக்குத் திருமணம்.

பதில்: மாற வேண்டாம். அது கேட்காது என்பதால் சொல்லவில்லை. கேட்கும், அதுதான் சிக்கல்.

லெய் கோங் தெங் என்றால் இடித்தேவனின் கொடி. அதன் வேரிலுள்ள ட்ரிப்டோலைடு, நம் மூட்டுகளையே தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை அடக்குகிறது. சீனாவில் 207 பேரை வைத்து 24 வாரம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. நோய் பாதியாவது தணிந்தவர்கள் மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் எடுத்தவர்களில் 46.4 சதவீதம், இந்த வேர்ச்சாறு மட்டும் எடுத்தவர்களில் 55.1, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 76.8. சாதாரண எண்களல்ல.

ஆனால் அதே சரக்கு சினைப்பையைச் சும்மா விடுவதில்லை. மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். ஆண்களுக்கு விந்தணு குறையும். கல்லீரல், சிறுநீரகம், வெள்ளையணுக்கள் எல்லாம் அடிவாங்கலாம். சீன மருத்துவர்களே பிள்ளை பெற வேண்டிய வயதினருக்கு இதைக் கொடுக்கத் தயங்குவார்கள். தங்கைக்கு இது வேண்டாம் என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

சரவாங்கிக்குக் கொடுக்கும் இன்னொரு சீன மூலிகையான வெண்பியோனி வேரின் சாறு இதைவிடச் சாது. பெரும்பாலும் வயிறு இளகுவதோடு சரி. அதுவும் கூடுதல் துணைதான், மாற்று அல்ல.

இன்னொன்று, டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று நம்பாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் இளைப்பதற்கான மாத்திரையில் ‘ஃபாங் ஜி’ என்ற பெயர்க் குழப்பத்தால் வேறொரு செடி சேர்ந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் பல பெண்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. மூட்டுவலி மாத்திரைகளில் சொல்லாமல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலப்பதும் நடக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்து, பசி கூடி, சில வாரத்தில் முகம் உப்பினால் ஸ்டீராய்டைச் சந்தேகியுங்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், மெத்தோட்ரெக்ஸேட்டும் கர்ப்பத்துக்கு ஆகாது. திருமணத் தேதியை வாதநோய் மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்திலும் எடுக்கக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றுக்கு எப்போது மாற்றலாம் என்று அவர் திட்டமிடுவார். போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள்.