பாதியில் நிற்கும் வேலை: பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூருவின் தொழிற்சாலைகளிலும் மென்பொருள் அலுவலகங்களிலும் லீன் (வீணையும் காத்திருப்பையும் குறைக்கும் உற்பத்தி முறை), அஜைல் (மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக அடிக்கடி கொடுக்கும் முறை) ஆகியவற்றைக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அவற்றைப் பற்றி இங்கே வேலை செய்யும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

பீன்யாவில் பிரஸ் ஷாப், அதாவது தகட்டை அழுத்திப் பாகம் செய்யும் பட்டறை, நடத்துகிறேன் ஐயா. முன்பு ஒரே பாகத்தை ஐயாயிரம் கேட்டவர்கள், இப்போது ஐந்து வகையில் முந்நூறு முந்நூறாகக் கேட்கிறார்கள். பிரஸ்ஸில் டையை (பாகத்துக்கு வடிவம் தரும் அச்சை) மாற்றவே அரை ஷிப்ட் போய்விடுகிறது. இன்னொரு பிரஸ் வாங்கலாமா?

இப்போது வாங்காதீர்கள். முதலில் டை மாற்றும் நேரத்தை வெட்டுங்கள். டொயோடாவோடு பணியாற்றிய ஷிகியோ ஷிங்கோ இதற்கு ஒரு வழி வகுத்தார். இயந்திரம் ஓடும்போதே செய்யக்கூடியவை, நின்றால்தான் செய்ய முடிந்தவை என்று வேலைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிறகு இரண்டாம் பட்டியலிலிருந்து முடிந்த அளவு முதல் பட்டியலுக்கு நகர்த்த வேண்டும். அவர் வைத்த இலக்கு பத்து நிமிடத்துக்குள் மாற்றுவது.

ஒருமுறை டை மாற்றுவதைத் தொடக்கத்திலிருந்து கைப்பேசியில் படம் பிடித்து, ஆபரேட்டரோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்பானர் தேடுவது, அடுத்த டையை ஸ்டோரிலிருந்து தள்ளி வருவது, முதல் பாகத்தை அளக்கும் தர ஆய்வாளருக்காகக் காத்திருப்பது என்று எவ்வளவு நேரம் போகிறது என்பது தெரியும். டையையும் ஸ்பானரையும் கொண்டுவந்து வைக்கப் பிரஸ் நிற்க வேண்டியதே இல்லை. ஆய்வாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். டைகளின் உயரத்தை ஒரே அளவாக்கி, போல்ட்டுக்குப் பதில் விரைவாகப் பூட்டும் கிளாம்ப் போட்டால் இன்னும் குறையும்.

நேரம் குறைந்தால்தான் சிறு தொகுதிகளாக அடித்துக் கட்டுப்படியாக்க முடியும். தொகுதி சிறிதானால் பட்டறைக்குள் காத்துக் கிடக்கும் ஆர்டர்களும் குறையும். அதன் பலனைக் கணக்கிட ஒரு விதி இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. பட்டறைக்குள் சராசரியாகக் கிடக்கும் ஆர்டர்களை, நாளொன்றுக்கு முடியும் ஆர்டர்களால் வகுத்தால், ஓர் ஆர்டர் உள்ளே கழிக்கும் சராசரி நாட்கள் கிடைக்கும். உள்ளே 120 ஆர்டர், நாளுக்கு 10 முடிகிறது என்றால் 12 நாள். உள்ளே 40 மட்டும் இருந்து, அதே 10 முடிந்தால் 4 நாள். ஆள் கூடவில்லை, யாரும் கூடுதலாக ஓடவுமில்லை. கேட்பவர் மனம் மாற்றினாலும் பாழாவது நான்கு நாள் சரக்குதான். சந்தை திரும்பும்போது ஒரு நிறுவனம் திரும்ப முடிவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

குழுவின் வேலைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்ட எந்தச் செயலியை வாங்குவது?

வெள்ளைப் பலகையும் ஒட்டுச் சீட்டுகளும் போதும். குழு தன் வேலை ஓடும் வழியைப் புரிந்துகொண்ட பிறகு எதையும் வாங்கலாம்.

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் குழுத் தலைவராக இருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் (குறுகிய வேலைச் சுற்று) முடிக்கிறோம், தினமும் நின்றபடியே கூட்டம் நடத்துகிறோம். ஆனாலும் வாடிக்கையாளர் கையில் எதுவும் சேர மூன்று மாதம் ஆகிறது. எங்கே தவறுகிறது?

உங்கள் ஸ்பிரின்ட்டுக்கு வெளியே தவறுகிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில் தினசரி நின்று பேசும் கூட்டம் என்ற கட்டளையே கிடையாது. இயங்கும் மென்பொருளைச் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் கொடுங்கள், அதிலும் குறைந்த இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் அதன் கொள்கைகளில் இருக்கிறது.

அண்மையில் வெளியான ஒரே ஓர் அம்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கேட்ட நாளிலிருந்து அவர் பயன்படுத்திய நாள் வரை, ஒவ்வொரு கைமாற்றத்தின் தேதியையும் எழுதுங்கள். நிரல் எழுதிய நாட்கள் கொஞ்சமாகவும், சோதனைக் குழுவின் வரிசையிலும் ஒப்புதல் குழுவின் மேசையிலும் காத்திருந்த நாட்கள் நிறையவும் இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. சோதனையாளரையும் வெளியீட்டைக் கவனிப்பவரையும் உங்கள் குழுவிலேயே உட்கார வைக்கக் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் தகவல் தொடர்பு அமைப்பு எப்படியோ அப்படியே அது வடிவமைக்கும் பொருளும் அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இலேயே எழுதினார். நான்கு துறைகளாகப் பிரிந்து உட்கார்ந்தால் நான்கு வரிசைகள் உண்டாகும்.

பொம்மசந்திராவில் அசெம்பிளி லைன் சூப்பர்வைசர் நான். பழுது கண்ணில் பட்டாலும் தொழிலாளர்கள் சொல்வதில்லை. என்ன செய்யலாம்?

சொன்னவருக்கு இதுவரை என்ன நேர்ந்தது என்று யோசியுங்கள். சாகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றது. பழுதான துணி நெய்யப்படவில்லை, ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. அவர் மகன் கிச்சிரோ தொடங்கிய டொயோடா கார் ஆலையில், பழுதைக் கண்டால் நிறுத்தும் அந்த உரிமை மனிதருக்கு வந்தது. லைனில் நிற்கும் யாரும், பழுதைத் தெரிவிக்க அங்கே கட்டியிருக்கும் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி அந்த நிலையத்தின் எல்லையைத் தாண்டும் முன் சரியாகாவிட்டால் லைன் நிற்கும்.

உங்களிடம் கயிறு இல்லாவிட்டாலும் ஒரு மணியும் விளக்கும் போதும். முக்கியம் நீங்கள் வந்து நின்றதும் பேசும் முதல் வாக்கியம். "யார் செய்தது?" என்றால் அந்த மணி இனி ஒலிக்காது. "நல்ல வேளை, சொன்னீர்கள். காட்டுங்கள்" என்று தொடங்குங்கள். உங்கள் லைனில் தமிழரும் கன்னடரும் ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த தர அட்டையை யார் படிப்பார்கள்? நல்ல பாகம், கெட்ட பாகம் இரண்டையும் பலகையில் மாட்டிவிடுங்கள்.

லீன் என்று ஆலோசகர் வந்தாலே ஆட்குறைப்பு வருகிறதே?

அந்தப் பயம் நியாயமானது. மிச்சப்படுத்திய நேரத்துக்காக வேலை போனால், அடுத்த யோசனையை எந்தத் தொழிலாளியும் வாய்திறந்து சொல்ல மாட்டார். 1950-இல் டொயோடாவில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தபோது, நிறுவனர் கிச்சிரோ டொயோடாவே தலைவர் பதவியிலிருந்து விலகினார். உங்கள் நிர்வாகத்திடம், இந்தச் சீரமைப்பால் யாருக்கும் வேலை போகாது என்று எழுத்தில் கேளுங்கள். மிச்சமாகும் ஆட்களைப் புதிய ஆர்டருக்கோ பயிற்சிக்கோ அனுப்பட்டும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் இளநிலைப் பொறியாளர் நான். மேலிடம் மாறாமல் நான் என்ன செய்துவிட முடியும்?

உங்கள் குழுவின் பலகை உங்கள் கையில்தான் இருக்கிறது. "நடந்துகொண்டிருப்பவை" என்ற பகுதியில் ஒரே நேரத்தில் எத்தனை சீட்டுகள் இருக்கலாம் என்று குழுவோடு பேசி ஓர் எண்ணை எழுதுங்கள். ஐந்து பேர் இருந்தால் நான்கில் தொடங்கலாம். இடம் நிரம்பிவிட்டால் புதிதாக எதையும் தொடங்காமல், முடியாமல் நிற்பதற்குக் கைகொடுங்கள். சீட்டு உள்ளே வந்த தேதியையும் வெளியே போன தேதியையும் அதன் மூலையிலேயே எழுதுங்கள். நடுவில் அவசரம் என்று எதையாவது நுழைத்தால், எந்தச் சீட்டை வெளியே எடுப்பது என்று கேட்டவரையே பலகைக்கு முன்னால் அழைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதச் சீட்டுகள் சேர்ந்ததும் அந்தத் தேதிகளோடு உங்கள் மேலாளரிடம் பேசுங்கள்.