பாசிக்குடா போகும் வழியில் வாழைச்சேனையில் பார்ப்பதற்கு ஏதாவது உண்டா?

உண்டு. நீங்கள் அநேகமாகக் கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வந்து, ஓட்டோ பிடித்து நேரே கடற்கரைக்குப் போக எண்ணியிருப்பீர்கள். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சுற்றுலாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எங்கள் ஊரை வெறும் சந்தியாகவே குறித்துவிட்டுக் கடந்துபோவது, கடதாசி ஆலைத் தொழிலாளியின் மகனான எனக்கு நெடுநாள் மனவருத்தம்.

களப்பும் மீன்பிடித் துறைமுகமும் இருக்கின்றன. முன்பு புகையிரதமும் வாகனங்களும் ஒன்றாகப் பயன்படுத்திய ஓட்டமாவடி இரும்புப் பாலத்தையும், 2010இல் அதனருகே திறக்கப்பட்ட புதிய பாலத்தையும் பார்க்கலாம். ஆயினும் இந்த ஊரை ஊராக்கியது ஆலைதான். ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வித்திடப்பட்டு, 1956இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலைக்கு வைக்கோல்தான் மூலப்பொருள். மட்டக்களப்பு, பொலன்னறுவை வயல்களில் சூடடித்து முடிந்ததும் லொறி லொறியாக வைக்கோல் வந்து இறங்கும். அதை எரிசோடாவில் அவித்துக் கூழாக்கித் தாளாக்குவார்கள். அப்பா வேலை முடிந்து வந்தால் சட்டையில் அந்த அவித்த வைக்கோலின் வாடை வீசும், அம்மா எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அவர் கொண்டுவந்து தந்த சற்றே பழுப்பேறிய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை போன்ற வைக்கோல் துணுக்குகள் தெரியும். அதில்தான் நான் கணக்குப் போட்டுப் பழகினேன். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் அங்கே ஒன்றாக வேலை செய்தார்கள் என்பதை இன்றைய இளையவர்கள் நம்புவதே அரிதாகிவிட்டது.

பழம்பெருமை பேசுகிறான் என்று சிலர் பின்னூட்டமிடக்கூடும். கழிவுநீர் களப்பில் கலந்து மீனவரைப் பாதித்ததை நான் மறைக்கவில்லை. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் மலிவாக வந்திறங்கிய வெளிநாட்டுத் தாளோடு போட்டியிட முடியாமற்போனதும், அதன்மேல் போர் வந்து விழுந்ததும் உண்மைதான். நெடுங்காலம் முடங்கிக் கிடந்த ஆலை 2021இல் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, கழிவுத் தாளே மூலப்பொருளாயிற்று. அடுத்த ஆண்டு மார்ச்சில், கடதாசி இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். இங்கோ அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே போட்டு எரிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நட்டக் கணக்குக் காட்டி எங்கள் ஊரைக் கைவிடச் சொன்னவர்கள் இதற்கும் ஒரு கணக்குக் காட்டட்டும்.