ரத்தம் ஏற்றியதால்தான் பொட்டாசியம் ஏறியதா?

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் என் அண்ணன் புதுச்சேரியிலிருந்து பைக்கில் வரும்போது ரெட்டிச்சாவடி பக்கம் வேன் மோதித் தொடை எலும்பு உடைந்துவிட்டது. ரத்தம் நிறையப் போய் ஷாக் ஆகிவிட்டார் என்று ஆறு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அன்று ராத்திரி பொட்டாசியம் ஏறிவிட்டது, கால்சியம் இறங்கிவிட்டது என்று ஊசி மேல் ஊசி போட்டார்கள். கெட்டுப்போன ரத்தத்தை ஏற்றியதால்தான் இப்படி என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். உப்பைக் குறைக்க வேண்டுமா? இளநீர் கொடுக்கலாமா?

பதில்: பொட்டாசியம் ஏறியதையும் கால்சியம் இறங்கியதையும் வைத்து ரத்தம் கெட்டுப்போனது என்று சொல்லவே முடியாது. அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அவ்வளவு ரத்தம் இழந்த ஒருவருக்கு ரத்தம் ஏற்றாமல் இருப்பதுதான் ஆபத்து.

60 கிலோ எடையுள்ள ஆளுக்கு உடம்பில் 4 லிட்டருக்குச் சற்று அதிகமாக ரத்தம் இருக்கும். தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே 1 முதல் 1.5 லிட்டர் வரை சதைக்குள் கசிந்துவிடும். வெளியே பெரிதாகத் தெரியாது, தொடை மட்டும் வீங்கும். இப்படி ரத்தம் குறைந்து, உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போதாமல் போகும் நிலையைத்தான் ஷாக் என்று எழுதினார்கள்.

நம் உயிரணுக்களுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவுக்கு இருக்கும். வெளியே ரத்தத்தில் 3.5 முதல் 5 வரைதான். இந்த வித்தியாசத்தைக் காப்பது அணுவின் சுவரில் இருக்கும் பம்ப். விசைப்படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் மோட்டார் மாதிரி அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லையென்றால் பம்ப் தளர்ந்துவிடும். பொட்டாசியம் வெளியே கசியும், சோடியம் உள்ளே நுழையும். நசுங்கிய தசையிலிருந்தும் பொட்டாசியம் வரும். அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகத்துக்கோ ரத்தம் போதாது, சிறுநீரும் இறங்காது. ஆக, ஷாக் ஒன்றே பொட்டாசியத்தை ஏற்றப் போதும்.

ஏற்றிய ரத்தத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, மறைக்கவில்லை. ரத்த வங்கியில் 2 முதல் 6 டிகிரி குளிரில் வைக்கும்போது சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் மெல்லக் கசியும். அது கெட்டுப்போவது அல்ல. எந்த நல்ல ரத்தத்திலும் நடப்பதுதான். ஒன்றிரண்டு யூனிட் என்றால் உடம்பு சமாளித்துவிடும். சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது பல யூனிட்டுகள் வேகமாக ஏறினால் அளவு கூடலாம். 6.5-ஐத் தாண்டினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. அதனால்தான் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், ஈசிஜி எடுக்கிறார்கள், குளுக்கோஸோடு இன்சுலின் போட்டுப் பொட்டாசியத்தை அணுக்களுக்குள் தள்ளுகிறார்கள்.

கால்சியம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வீட்டார் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. பையில் இருக்கும் ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் என்ற மருந்து சேர்த்திருப்பார்கள். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணமாக நம் கல்லீரல் சிட்ரேட்டைச் சீக்கிரம் கரைத்துவிடும். ஷாக்கில் கல்லீரலுக்கும் ரத்த ஓட்டம் குறைவு, வேலை தாமதமாகும். பலத்த காயத்தில், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே கால்சியம் இறங்கியிருப்பதும் உண்டு. கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது, இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் வலுவும் தளரும். நிற்க வேண்டிய ரத்தக்கசிவு நிற்காது, பிரஷர் ஏறாது. உங்கள் அண்ணனுக்கு நரம்பில் கால்சியம் போட்டது இதற்காகத்தான். பொட்டாசியம் ஏறியிருக்கும்போது இதயத்துக்குப் பாதுகாப்பும் அதே ஊசிதான். அந்த ராத்திரி பார்த்த டாக்டர்கள் விழிப்பாக இருந்திருக்கிறார்கள்.

சோடியம் பெரும்பாலும் அவ்வளவாக மாறாது. சலைன் என்ற உப்புநீரை நிறைய ஏற்றினால் அதிலுள்ள குளோரைடு கூடி ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். ரத்தம் போனவருக்குச் சலைனாக ஏற்றிக்கொண்டே போகாமல் ரத்தத்தையே கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இனி வீட்டில். இந்த மாற்றங்கள் ஷாக்கோடு வந்தவை, ஷாக் தீர்ந்ததும் போய்விடும். டிஸ்சார்ஜ் சீட்டில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) பொட்டாசியமும் சரியாக இருந்தால், சிறுநீரும் வழக்கம்போல் போனால், உப்பைக் குறைக்க வேண்டியதில்லை, இளநீரும் கொடுக்கலாம். கிரியேட்டினின் கூடுதலாக இருந்தால் மட்டும் இளநீரும் வாழைப்பழமும் இப்போதைக்கு வேண்டாம், டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அன்று கால்சியம் குறைந்ததற்காக இன்று தனியாகக் கால்சியம் மாத்திரை வாங்க வேண்டாம். எலும்பு கூடுவதற்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தொடரட்டும். அடுத்த முறை காட்டப் போகும்போது ஹீமோகுளோபின், கிரியேட்டினின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்திருந்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீர் குறைந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, கை கால் திடீரென்று சோர்ந்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.