சேவைச் சங்கங்கள் வாராவாரம் கூடி என்னதான் செய்கிறார்கள்? சேர்ந்தால் பயன் உண்டா?

"எங்கள் தெருவில் ஒரு சேவைச் சங்கத்தில் சேரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வாரம் தவறாமல் கூட்டத்துக்கு வர வேண்டுமாம். உதவி செய்ய நினைத்தால் நேராகப் போய்ச் செய்துவிடலாமே, வாராவாரம் உட்கார்ந்து பேசி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2013இல் என்னை ஒருவர் கூப்பிட்டபோது நானும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு வடசென்னையில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் படகு இன்ஜின் உதிரிபாகக் கடை. சங்கம் தண்டையார்பேட்டையில். ரோட்டரி, லயன்ஸ் மாதிரி பெரிய அமைப்பின் கிளை கிடையாது. அவர்கள் முறையைப் பார்த்து எங்கள் வட்டாரத்துப் பெரியவர்கள் சிலர் சொந்தமாக ஆரம்பித்தது. முப்பத்துச் சொச்சம் பேர் இருக்கிறோம். மாதச் சந்தா 300 ரூபாய். செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கூடுவோம். செவ்வாய்க்கிழமையில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபம் காலியாக இருக்கும். உரிமையாளர் கரண்டு செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

கூட்டம் எப்படி நடக்கும் என்றால், மணி அடித்து ஒரு குறள் சொல்வார்கள். வருகைப் பதிவு, போன வாரத்து மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு), பொருளாளர் கணக்கு. அப்புறம் வெளியிலிருந்து யாராவது வந்து இருபது நிமிடம் பேசுவார்கள். ஒரு வாரம் தீயணைப்புத் துறைக்காரர், ஒரு வாரம் பேங்க் மேனேஜர். தாமதமாக வந்தவர்கள் உண்டியலில் பத்து ரூபாய் போட வேண்டும். கடைசியில் டீயும் போண்டாவும். வியாசர்பாடியில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் மாதம் ஒரு தடவை எல்லாருக்கும் அத்தோ கொண்டுவருவார். அவர் தாத்தா காலத்தில் பர்மாவிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். சந்தா கட்டச் சிரமப்பட்ட காலத்தில்கூட அவர் அதை நிறுத்தியதில்லை.

இதெல்லாம் எல்லாச் சங்கத்திலும் இருப்பதுதான். எங்கள் கூட்டத்தின் உயிர் 'ஊர்ச் சேதி' என்று நாங்கள் சொல்லும் அரை மணி நேரம். ஒவ்வொருவரும் அந்த வாரம் தன் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சு அழகாக இருக்க வேண்டியதில்லை. "எங்க தெருவுல மூணு நாளா தண்ணி லாரி வரல", "நம்ம பெயின்டர் பையன் பத்தாவதோட நின்னுட்டான்" அவ்வளவு போதும். செயலாளர் எழுதிக்கொள்வார். அடுத்த வாரம் அதே வரியை வாசித்து, "இது என்ன ஆச்சு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் வாராவாரம் கூட வேண்டியிருக்கிறது. மாதம் ஒரு தடவை கூடினால் தண்ணீர் லாரி விஷயம் அதற்குள் எல்லாருக்கும் பழகிப்போயிருக்கும்.

இந்த வழக்கத்தின் ஆரம்பமும் இப்படி எளிமையானதுதான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்தார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் தொழில். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறை வைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. அவர்கள் முதலில் எடுத்த பெரிய பொதுக் காரியம், நகரத்தில் பொதுக் கழிப்பறை கட்ட வைத்தது. கழிப்பறையில் தொடங்கினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1917இல் அதே ஊரில் மெல்வின் ஜோன்ஸ் லயன்ஸைத் தொடங்கினார். சென்னைக்கு ரோட்டரி 1929லேயே வந்துவிட்டது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது ரோட்டரியின் பழைய விதி. நாங்களும் முடிந்தவரை அப்படித்தான் சேர்க்கிறோம். ஒரே தொழில்காரர்கள் கூடினால் பேச்சு தொழிலிலேயே நின்றுவிடும்.

அந்த விதியின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு கண் முகாமில். 2014இல் காசிமேட்டில் இலவசக் கண் பரிசோதனை வைத்தோம். ஒரு மருத்துவமனை டாக்டர்களையும் வேனையும் அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை காலை, பந்தல், நாற்காலி, மைக், எல்லாம் தயார். பதினேழு பேர்தான் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைதான் காசிமேட்டில் மீன் வியாபாரத்தின் உச்ச நேரம். அங்கேயே கடை வைத்திருக்கும் எனக்கு அது தோன்றவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. வாடிக்கையாளராக மட்டுமே மீனவர்களைப் பார்த்துப் பழகியிருந்தேன்.

அந்த வருடம்தான் எங்கள் சங்கத்தில் முதல்முறையாகப் பெண்களைச் சேர்த்தோம். ரோட்டரியே 1989இல்தான் உலகம் முழுக்கப் பெண்களைச் சேர்க்கலாம் என்று விதியை மாற்றியது, நாங்கள் அதற்கும் இருபத்தைந்து வருடம் பின்தங்கியிருந்தோம். அப்படிச் சேர்ந்தவர் ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா. அவர் அம்மா மீன்கூடை தூக்கியவர். அடுத்த செவ்வாய் ஊர்ச் சேதியில் அவர் எழுந்து, "தம்பிங்களா, மீன் விக்கிற பொம்பளைங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான் வீட்டுல இருப்பாங்க. ஆம்பளைங்கள தடைக்காலத்துலதான் புடிக்க முடியும்" என்றார். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது படகுகள் கரையில் ஏறி, வலை பின்னுவதும் இன்ஜின் இறக்குவதுமாக ஆட்கள் ஊரிலேயே இருப்பார்கள். அடுத்த மே மாதம் மதியம் மூன்று மணிக்கு முகாம் வைத்தோம். பந்தல் போதாமல் பக்கத்து வலைக்கூடத்தையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கண்புரை மட்டுமல்ல, வெயிலிலும் உப்புக்காற்றிலும் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் கருவிழி மேல் சதை வளர்ந்திருப்பதை வரிசையாகப் பார்த்தோம். சர்க்கரை அதிகமாக இருந்தவர்களுக்கு அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் அறுவைச் சிகிச்சை. அவர்கள் பெயர்களை அக்கா ஒரு நோட்டில் எழுதி, வாராவாரம் கூட்டத்தில் வாசித்தார். நான்கு மாதம் கழித்துத்தான் அந்தப் பட்டியல் தீர்ந்தது.

தோற்ற கதையும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. ஒரு பள்ளிக்கு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். சுமார் ஒன்றேகால் லட்சம் ரூபாய். திறப்பு விழா, ரிப்பன், சுவரில் எல்லார் பெயரும் போட்ட கல்வெட்டு. எங்களில் ஒருவர் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் ரிப்பேர் செய்பவர். வாங்குவதற்கு முன்னாலேயே, "அண்ணே, இந்தத் தண்ணிக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டரை மாசாமாசம் மாத்தணும், இல்லன்னா மெம்பரேன் சீக்கிரம் போயிடும், அதுக்கு யார் காசு தருவாங்க?" என்று கேட்டார். அப்போதைய தலைவர் பதவி முடிய ஆறு வாரம்தான் இருந்தது. ரோட்டரி மாதிரி நாங்களும் ஜூலை 1இல் தலைவரை மாற்றும் வழக்கம். அவர் காலத்திலேயே திறந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அந்தக் கேள்வியை யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான் கை தூக்கினேன்.

புதுத் தலைவர் வந்தார், புதுத் திட்டம் வந்தது. எட்டாவது மாதம் இயந்திரம் நின்றுபோனது. எங்களுக்குத் தெரிந்தது அதற்கும் மூன்று மாதம் கழித்து, ஓர் உறுப்பினரின் மகள் அந்தப் பள்ளியில் படித்ததால். பிள்ளைகள் கல்வெட்டுக்குக் கீழே நின்று வீட்டுத் தண்ணீர் பாட்டிலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து கூட்டத்தில் ஒரு புது அயிட்டம் சேர்த்தோம். பேச்சாளருக்கு முன்னால் ஐந்து நிமிடம், 'பழைய வேலை'. முந்தைய வருடங்களில் செய்தவற்றில் ஒன்றை எடுத்து, யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். தையல் இயந்திரம் கொடுத்தோமே, ஓடுகிறதா? மரம் நட்டோமே, எத்தனை நிற்கிறது? பல வாரம் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் இப்போது எந்தத் திட்டத்துக்கும் பராமரிப்புப் பணம் ஒதுக்காமல் நாங்கள் கை தூக்குவதில்லை. அந்த ஆர்.ஓ. இயந்திரத்தைச் சரிசெய்தோம். ஃபில்டர் மாற்றும் தேதி இன்றும் மினிட்ஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு ஒரு வருடம் மாதம் இரண்டு கூட்டம் என்று குறைத்துப் பார்த்தோம், ஒன்று செல்போனில். ரோட்டரியிலும் 2016இல் விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் இருந்தால் போதும் என்று சங்கங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். மற்ற ஊர்களில் அது சரியாக இருக்கலாம். எங்களுக்குச் சரிவரவில்லை. செல்போனில் எல்லாரும் நலமாகவே இருந்தார்கள், யாரும் ஊர்ச் சேதி சொல்லவில்லை. 2022இல் மறுபடியும் மாடிப்படி ஏறினோம்.

நல்லவேளை, ஏறினோம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை உங்களுக்கு நினைவிருக்கும். 4ஆம் தேதி முழுவதும் கொட்டியது. 5ஆம் தேதி மழை விட்டும் தண்ணீர் வடியவில்லை. கரண்டு இல்லை, எங்கள் பகுதியில் செல்போன் சிக்னலும் இல்லை. யாருக்கு என்ன ஆனது என்று கேட்க வழியில்லை. ஆனால் அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

முழங்கால் தண்ணீரில் நடந்து மண்டபத்துக்குப் போனேன். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் போனேன். மாடிப்படியில் டார்ச் வெளிச்சத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்குள் பதினான்கு பேர். யாரும் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. வியாசர்பாடியிலிருந்து சுற்றி வந்த அத்தோ கடைக்காரர், தன் தெருவில் இடுப்பளவு நிற்கிறது, கீழ்வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள் என்றார். வியாசர்பாடிப் பக்கத்துக் கணேசபுரம் சுரங்கப்பாதை பற்றி வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சாதாரண மழைக்கே நிரம்பிவிடும், அந்த வழியில் போக முடியாது. எனக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவர் காசிமேட்டிலேயே இருந்தார். லாரி வைத்திருக்கும் உறுப்பினர் வண்டியை எடுத்தார். ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு ஃபைபர் படகை லாரியில் ஏற்றி, தண்ணீர் குறைவாக நின்ற வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். நர்ஸ் அக்கா கூடவே வந்தார். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மணி ஒன்றரை. அடுத்த இரண்டு நாள் அதே மாடிப்படிதான் எங்கள் அலுவலகம். அந்த வாரத்து மினிட்ஸை செயலாளர் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினார். அதைப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

நேராகப் போய் உதவி செய்துவிடலாமே என்றீர்கள். செய்யுங்கள், தடையில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குப் படகு தெரியும், லாரி தெரியாது. லாரிக்காரருக்கு அந்தத் தெரு தெரியாது. தெரு தெரிந்தவருக்குப் பிரசவம் பார்க்கத் தெரியாது. பத்து வருடமாகச் செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததால்தான் இந்த நான்கும் ஒரே படியில் வந்து சேர்ந்தன.

ரத்த தானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் பெரிய முகாம் வைத்து நூற்றுக்கணக்கில் கொடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால் பிளேட்லெட்டை ஐந்து நாளைக்கு மேல் பொதுவாக வைத்திருக்க முடியாது, சிவப்பணுக்களே ஐந்தாறு வாரம்தான். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். அதனால் நாங்கள் உறுப்பினர்களையும் வீட்டாரையும் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராகப் பிரித்து அனுப்புகிறோம். யார் முறை என்று செவ்வாயன்று வாசிப்பார்கள். மேடையோ மாலையோ கிடையாது.

உங்களைக் கூப்பிடும் சங்கத்தில் சேரலாமா என்பதற்கு என் யோசனை இது. உடனே சந்தா கட்டாதீர்கள். நான்கு வாரம் விருந்தினராகப் போய் உட்காருங்கள். சால்வை போடுவதிலும் போட்டோ எடுப்பதிலும் எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள், கொஞ்சம் போகும், பரவாயில்லை. போன வருடம் செய்த வேலை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருமுறையாவது யாராவது பேசுகிறார்களா? புதிதாக வந்த உங்களிடம் உங்கள் தொழிலைப் பற்றி, உங்கள் தெருவைப் பற்றிக் கேட்கிறார்களா? கணக்கை எல்லார் முன்னாலும் வாசிக்கிறார்களா? சிறிய தொழில் செய்பவர் எழுந்து ஓர் ஆட்சேபம் சொன்னால் உட்காரச் சொல்கிறார்களா, கேட்கிறார்களா? இந்தக் கடைசி விஷயத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். நாங்கள் ஒன்றேகால் லட்சம் கொடுத்துக் கற்றது அது.

வியாபாரம் பெருகும் என்று சேர்ந்தால் ஏமாற்றம்தான். எனக்கு இத்தனை வருடத்தில் சங்கத்தால் வந்த வாடிக்கையாளர் ஐந்து பேர் இருக்கலாம். செவ்வாய்தோறும் ஏழு மணிக்கே ஷட்டரை இறக்குவதால் போனவர்கள் அதைவிட அதிகம். என் மனைவி முதல் இரண்டு வருடம் இதைச் சொல்லிக் கோபப்பட்டார். மிக்ஜாமுக்குப் பிறகு அவரும் உறுப்பினர். இப்போது 'பழைய வேலை' அவர் பொறுப்பில்.

இந்தப் பதிலைத் திங்கட்கிழமை இரவு எழுதுகிறேன். நாளைக்கு அவர் இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இட்லிக் கடை வைக்க உதவிய ஓர் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து சொல்லப்போகிறார். கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கடை இருக்கிறதாம். அந்த அம்மா எங்கே போனார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.