டர்போ பெட்ரோல் கார் 1,000 கிலோமீட்டருக்கு 800 மில்லி ஆயில் குடிக்கிறது. "இது சகஜம்" என்கிறார்களே, நம்பலாமா? இல்லை, இன்ஜினை இறக்க வேண்டுமா?

சகஜம் இல்லை. அதற்காக இன்ஜினை உடனே இறக்கவும் வேண்டாம்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 ஸ்கோடா லாரா விஆர்எஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 90 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இழுவை குறையவில்லை, புகை கண்ணுக்குத் தெரியவில்லை, கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்ததில் நான்கு சிலிண்டரும் சமமாக இருக்கின்றன. ஆனால் ஆயில் மட்டும் குறைகிறது. ஒரு இடத்தில் சகஜம் என்று அனுப்பிவிட்டார்கள், இன்னொரு இடத்தில் ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலை, செய்யச் சொல்கிறார்கள்.

நான் கோவையில் இன்ஜின் ரீகண்டிஷன் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன், இந்தக் குடும்பத்து இன்ஜின்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

எந்த இன்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கும். சிலிண்டர் சுவரில் மெல்லிய ஆயில் படலம் இல்லாவிட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் சுவரும் உரசிக் கெட்டுவிடும், அந்தப் படலத்தில் ஒரு பங்கு எரிந்துதான் போகும். அதிக ஆர்பிஎம்மில் சுழலும் இன்ஜின்களில் இது இன்னும் கூடும். ஹோண்டா எஸ்2000 இன்ஜின் 9,000 ஆர்பிஎம் வரை போகும், அதை மேலேயே வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை அடிக்கடி பார்ப்பது பழக்கமாகிவிடும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் ரோட்டரி இன்ஜினில் சீல்கள் காய்ந்து போகக்கூடாது என்பதற்காகவே ஒரு பம்ப் வைத்து ஆயிலை உள்ளே செலுத்துகிறார்கள், அங்கே ஆயில் குறைவது வடிவமைப்பிலேயே இருக்கிறது. உங்கள் காரில் இருப்பது இந்த இரண்டு ரகமும் இல்லை. சாதாரண நாலு சிலிண்டர் டர்போ, 1.8 டிஎஸ்ஐ, 160 பிஎஸ்.

ஸ்கோடா சேர்ந்திருக்கும் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் கையேடுகளில் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று இருக்கும். இந்த வரம்பே மிகத் தாராளமானது என்பது என் கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் அந்த வரம்பின்படி ஏழரை லிட்டர் எரியலாம், உங்கள் இன்ஜினில் மொத்தம் பிடிப்பதே ஏறக்குறைய 4.6 லிட்டர். உங்கள் 800 மில்லி அந்தத் தாராள வரம்பையும் தாண்டிவிட்டது. ஆகவே "சகஜம்" என்று சொன்னவரிடம் கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சரி, ஏன் இப்படி ஆகிறது? இந்த இன்ஜின் குடும்பத்தின் பெயர் இஏ888. 2008 வாக்கில் வந்த இரண்டாம் தலைமுறையில் உராய்வைக் குறைத்து மைலேஜ் கூட்டுவதற்காக ஆயில் ரிங்கை மெல்லிசாக்கினார்கள், முன்பு 2 மில்லிமீட்டர் இருந்தது 1.5 ஆனது, சுவரை அழுத்தும் விசையும் குறைந்தது. பிஸ்டனில் மூன்று ரிங் இருக்கும் இல்லையா, மேலே இரண்டும் கம்ப்ரஷனுக்கு, கீழே இருக்கும் மூன்றாவதுதான் சுவரிலிருந்து ஆயிலை வழித்து, ரிங் உட்காரும் குரூவில் (பள்ளத்தில்) இருக்கும் சிறு துளைகள் வழியாகத் திரும்ப அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு அனுப்புவது. துளை சின்னது, ரிங் மெல்லிசு, டர்போவின் சூடு வேறு. ஆயில் மாற்றும் இடைவெளியும் நீளமாக இருந்தால் அங்கே கரி படிந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ரிங் குரூவிலேயே ஒட்டிக்கொண்டு அசையாது. வழித்த ஆயில் போவதற்கு வழியில்லாமல் சுவரிலேயே தங்கும், எரியும், எரிந்தது மறுபடி கரியாகப் படியும். ஆரம்பத்தில் மெதுவாகப் போய் ஒரு கட்டத்துக்கு மேல் மளமளவென்று கூடுவதற்கு இதுதான் காரணம்.

உங்களைக் குழப்பிய கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த டெஸ்ட் மேலே இருக்கும் இரண்டு ரிங்கையும் வால்வுகளையும்தான் சோதிக்கிறது. மூன்றாவது ரிங் முழுக்க அடைத்துக் கிடந்தாலும் கேஜ் நன்றாகத்தான் காட்டும், சுவரில் ஆயில் கூடுதலாக இருப்பதால் சில சமயம் இன்னும் நன்றாகவே காட்டும். இழுவை குறையாததும் இதனால்தான். புகை தெரியவில்லை என்பதையும் நம்பிவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக எரிவதைக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பெருமளவு மறைத்துவிடும்.

இது நீங்கள் ஓட்டிய விதத்தால் வந்த கோளாறு இல்லை, அதில் மனதை உழப்பிக்கொள்ள வேண்டாம். இதே குடும்பத்து 2.0 டிஎஃப்எஸ்ஐ இன்ஜினோடு 2009 முதல் வந்த ஆடி ஏ4, ஏ5 கார்களுக்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், அது சமரசத்தில் முடிந்து உத்தரவாதக் காலம் நீட்டிக்கப்பட்டது. டொயோட்டாவிலும் இதே கதை உண்டு, 2007-2009 கேம்ரியின் 2.4 லிட்டர் இன்ஜினில் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தக் காலகட்டத்தில் மைலேஜுக்காக ரிங்கின் அழுத்தத்தைக் குறைத்த பல நிறுவனங்கள் இதில் மாட்டின.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அளவு. "ஏறக்குறைய 800" என்பது போதாது. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்து, சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்கள், மேல் கோடு வரை நிரப்பி கிலோமீட்டரை எழுதிவையுங்கள். 1,000 ஓடியதும் அதே இடத்தில், அதே சூட்டில், மில்லி போட்ட ஜாடியால் ஊற்றி மறுபடி மேல் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஊற்றிய அளவுதான் உங்கள் எண். ஊருக்குள் சின்னச் சின்ன தூரம் ஓட்டி அளந்தால் இந்த எண் பொய் சொல்லும், ஏனென்றால் நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின் சூடேறாமலே நின்றால் பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் இறங்கி மட்டத்தை உயர்த்திக் காட்டும். அப்புறம் ஹைவேயில் ஒரு ஓட்டம் போனதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகி, திடீரென்று ஆயில் குறைந்தது போல் தெரியும். ஆகவே ஹைவே ஓட்டமாகவே அளவெடுங்கள்.

அளக்கும்போதே வெளிக்கசிவையும் பாருங்கள், வால்வ் கவர், டைமிங் கவர், கியர்பாக்ஸ் சேரும் இடம்.

அடுத்து பிசிவி வால்வு. இன்ஜினின் உள்ளே சேரும் ஆவியைப் பிரித்து, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கு அனுப்பும் பாகம் இது, உங்கள் இன்ஜினில் மேலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழிந்தால் இன்டேக் ஆயிலை நேராக உறிஞ்சும். ஐடிலில் விசில் மாதிரி சத்தம் வருகிறதா, இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க முடியாத அளவுக்கு இழுத்துப் பிடிக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினைத் தொடாமல், சில போல்ட்டுகளைக் கழற்றி மாற்றிவிடக்கூடிய சாமான். சத்தம் இல்லாவிட்டாலும், இந்த வயதில் அது மாற்றப்படாமலே இருந்தால் மாற்றிவிட்டு மறுபடி 1,000 கிலோமீட்டர் அளக்கச் சொல்வேன். இதனாலேயே பாதியாகக் குறைந்த கார்களைப் பார்த்திருக்கிறேன்.

வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலா காரணம் என்று அறிய மலைப்பாதை நல்லது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது இரண்டாவது மூன்றாவது கியரிலேயே, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கொஞ்ச தூரம் விடுங்கள். அப்போது இன்டேக்கில் உறிஞ்சல் அதிகமாகி ஆயிலை உள்ளே இழுக்கும். பிறகு மிதித்ததும் பின்னால் வருகிறவருக்கு நீலப்புகை ஒரு வீச்சு தெரிந்தால் வால்வ் சீலும் ஆயில் ரிங்கும் சந்தேகத்துக்குள் வரும். ராத்திரி நின்று காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் நொடியில் மட்டும் புகை வந்தால் வால்வ் சீல் பக்கம் சாயலாம். டர்போவைப் பற்றி ஒரு வார்த்தை: டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஆயில் பிசுபிசுப்பு இருந்தாலே டர்போ போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள், அது தவறு. பிசிவி வழியாக வரும் ஆவியே அவ்வளவு பிசுபிசுப்பைத் தரும். குழாயைக் கழற்றினால் ஆயில் ஊற்றுகிற அளவுக்குத் தேங்கியிருந்தால் மட்டும் டர்போவைச் சந்தேகியுங்கள். வேறொரு ஊரில் இதற்காக டர்போவையே மாற்றி, ஆயில் குறைவது ஒரு துளிகூட மாறாமல் எங்களிடம் வந்த கார் ஒன்று உண்டு. அந்த மனிதர் பில்லை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது இன்றும் கோபம் வரவழைக்கிற விஷயம், அளவெடுக்காமல் சாமான் மாற்றுவது.

இதெல்லாம் தாண்டியும் குறைந்தால் ரிங்தான். பிளக் துளை வழியாக போரோஸ்கோப் என்ற சின்னக் கேமராவை விட்டுச் சுவரைப் பாருங்கள். இந்த பிளாக் வார்ப்பிரும்பு, சுவரில் ஆயில் நிற்பதற்காகக் கீறிவிட்ட ஹோனிங் கோடுகள் அநேகமாக இன்னும் அப்படியே தெரியும். தெரிந்தால் ரீபோர் என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்ல போரைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் தேடி அலைந்து, அதே மெல்லிய ரிங்கைப் போட்டால் கொஞ்ச காலத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். மாற்ற வேண்டியது பிஸ்டனின் வடிவம். பழையபடி 2 மில்லிமீட்டர் ஆயில் ரிங்கும் பெரிய வடிகால் துளைகளும் வைத்த பிஸ்டன்கள் கிடைக்கின்றன, அவைதான் வேண்டும். ஆர்டர் போடுவதற்கு முன் பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னின் விட்டத்தை உறுதி செய்யுங்கள். 21 மில்லிமீட்டரும் உண்டு, 23-ம் உண்டு. உங்களுடையது 21 ஆக இருந்து, வாங்கியது 23 ஆக வந்துவிட்டால் கனெக்டிங் ராடையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

இன்ஜினைத் திறப்பதற்கு முன்னால் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். பிளக் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, அதை உறிஞ்சி எடுத்து, பிளக் போடாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றி மிச்சத்தை வெளியேற்றிவிட்டு, உடனே ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். ஒட்டின ரிங் சில கார்களில் விட்டுக்கொடுக்கும், சிலவற்றில் அசையவே அசையாது. ஒருமுறை செய்து பலன் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆயிலோடு கலந்து ஓட்டும் ஃப்ளஷ் வகைகளை மட்டும் இந்த வயது இன்ஜினில் ஊற்ற வேண்டாம், பெயர்ந்து வரும் கசடு ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைக்கும். கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். ஃபோக்ஸ்வேகனின் 502 00 என்ற ஆயில் தரத்துக்கு உட்பட்டு 5டபிள்யூ-40 போட்டால் 5டபிள்யூ-30-ஐவிடக் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் கெட்டியாகப் போகாதீர்கள். ஆயில் மாற்றும் இடைவெளியை மட்டும் பாதியாக்கிவிடுங்கள், ரிங்கில் புதிதாகக் கரி சேருவது அதனால் கண்டிப்பாகக் குறையும்.

பணம் இப்போது இல்லை, ஊற்றி ஊற்றி ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம், பலர் ஓட்டுகிறார்கள், ஆனால் மட்டம் கீழே போகவே கூடாது. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், கோவையிலிருந்து சென்னை போய்த் திரும்பினால் உங்கள் கார் அதைக் கிட்டத்தட்ட முடித்துவிடும். இந்த இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது, ஆரம்பகால டென்ஷனர் தானே பலவீனமானது என்று பேர் வாங்கியது. ஆயில் குறைந்து, வளைவில் வேகமாகத் திரும்பும்போது பம்ப் காற்றை உறிஞ்சினால் செயின் தளர்ந்து பல் தாவும், வால்வும் பிஸ்டனும் மோதும், அதற்குப் பிறகு ரிங்கைப் பற்றிப் பேசவே அவசியம் இருக்காது. ஆகவே இந்தக் காரை வைத்திருக்கும்வரை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக், டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் ஆயில். டென்ஷனர் புதிய வகைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள், ரிங் வேலை தள்ளிப்போனாலும் இது தள்ளிப்போகக் கூடாது.

பிசிவி மாற்றிய பிறகு வந்த அளவையும், நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்து எடுத்த படத்தையும் இங்கேயே போடுங்கள். ஒரே பிளக்கில் மட்டும் ஆயில் கரி இருக்கிறதா, நாலிலும் இருக்கிறதா என்பதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.