60 மி.மீ. தொலைநோக்கி வாங்கலாமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வானியலில் மிகுந்த ஆர்வம். 60 மி.மீ. வில்லையுடன், ‘675 மடங்கு பெரிதாகத் தெரியும்’ என்று விளம்பரம் செய்யப்படும் தொலைநோக்கியை அவளுக்கு வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம். தொலைநோக்கியின் முதல் வேலை பெரிதாக்குவதன்று, ஒளியைத் திரட்டுவது. 60 மி.மீ. வில்லைக்கு ஏறத்தாழ 120 மடங்கே நடைமுறை வரம்பு. அதைத் தாண்டினால் உருவம் மங்கும், மெல்லிய முக்காலியின் நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

விண்மீனை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர முடியாத வானியலாளருக்கு, அதிலிருந்து வந்துசேரும் ஒளியே முதன்மையான சான்று. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்தப்பட்டிருப்பதும் அந்த ஒளியைத் திரட்டத்தான். திரட்டிய ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், அதில் தெரியும் கோடுகளைக் கொண்டு அங்கே என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று அறியலாம். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை இந்தியாவிலிருந்து ஆராய்ந்தவர்கள் கண்ட மஞ்சள் கோடு, பூமியில் 1895இல்தான் பிரித்தெடுக்கப்பட்ட ஹீலியத்தினுடையது! ஒரு தனிமத்தைப் பூமியில் கையில் எடுப்பதற்கு முன்பே சூரியனில் கண்டுகொண்ட இந்த நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

மகளுக்கு இப்போது ஏற்றது, 10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. வில்லைகள் கொண்ட பைனாகுலர். இருளில் நம் கண்மணி 7 மி.மீ. வரை விரியும் என்று கொண்டால், அதன் ஒவ்வொரு வில்லையும் கண்ணைவிட ஏறத்தாழ 50 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. தை, மாசி மாதங்களில், தெருவிளக்கு படாத மொட்டை மாடியில் அரைமணி நேரம் கண்ணை இருளுக்குப் பழக்கியபின், ஓரியன் விண்மீன் குழுவில் உள்ள செந்நிறத் திருவாதிரை விண்மீனையும், அதே குழுவின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு அப்பால் நீலவெண்மையாக ஒளிரும் ரிகலையும் மாறிமாறிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னதன் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 3,500 கெல்வின், பின்னது 12,000 கெல்வின். நிறத்தைக் கொண்டே வெப்பத்தை அறியும் முறையை அவள் தன் கண்ணாலேயே உணர்வாள். அந்த மூன்று விண்மீன்களுக்குக் கீழே புகைபோலத் தெரியும் திட்டு, புது விண்மீன்கள் பிறக்கும் வாயுத்திரள்.

எக்காரணம் கொண்டும் பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்ப விடாதீர்கள். ஒரு நொடியில் பார்வை போய்விடும்.

வியாழன் தெரியும் நாட்களில், பைனாகுலரைச் சுவரில் அசையாமல் ஊன்றிப் பிடித்து, கோளின் இருபுறமும் புள்ளிகளாகத் தெரியும் நிலவுகளின் இடத்தைத் தேதி, நேரத்துடன் ஒரு நோட்டில் வரைந்து வரச் சொல்லுங்கள். ஒரு மாதம் விடாமல் வரைந்தாளானால், 130 மி.மீ. ஆடித் தொலைநோக்கியைத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம்.