வியட்நாமிலேயே தொடங்கி வியட்நாமிலேயே கலைக்கப்பட்ட ‘சீவுல்வ்ஸ்’ ஹெலிகாப்டர் படையணி

கலைக்கப்பட்ட கடற்படை விமானப் படையணிகளுள் எதன் வரலாறு படிக்கத்தக்கது, அது ஏன் கலைக்கப்பட்டது என்பது கேள்வி. விமானந்தாங்கிக் கப்பல்களில் பணியாற்றிப் புகழ்பெற்ற படையணிகளை ஒதுக்கிவிட்டு, வியட்நாம் போரில் ஆறுகளின் மேல் பறந்து போரிட்ட ஒரு படையணியையே நான் சொல்வேன். அமெரிக்கக் கடற்படையின் எச்.ஏ.எல்-3 என்னும் அந்த ஹெலிகாப்டர் படையணி, ‘சீவுல்வ்ஸ்’ (கடல் ஓநாய்கள்) என்ற பெயராலேயே அறியப்பட்டது. 1967 ஏப்ரல் 1 அன்று தென் வியட்நாமின் வுங் தாவ் நகரில் அது நிறுவப்பட்டது. 1972 மார்ச் 16 அன்று அதே நாட்டின் பின் துய் தளத்தில் கலைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அது அமெரிக்க மண்ணில் நிலைகொண்டதே இல்லை. அது கலைக்கப்பட்டதற்கான காரணம், அது உருவாக்கப்பட்ட விதத்திலேயே பெரும்பாலும் அடங்கியிருந்தது என்பது என் கருத்து.

மேக்கொங் ஆற்றின் கழிமுகத்தில் சாலைகள் குறைவு; ஆறுகளும் கால்வாய்களுமே போக்குவரத்து வழிகள். தென் வியட்நாம் அரசை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங் படையினர் ஆளையும் ஆயுதத்தையும் அவற்றின் வழியே கடத்திச் செல்வதைத் தடுக்க, அமெரிக்கக் கடற்படை 1965 டிசம்பரில் ‘கேம் வார்டன்’ என்ற ஆற்று ரோந்து நடவடிக்கையைத் தொடங்கியது. அதற்கெனக் கண்ணாடியிழை உடலும் நீர்த்தாரை உந்துகையும் கொண்ட சிறு ரோந்துப் படகுகள் 1966-இல் வந்து சேர்ந்தன. அவை வேகமானவை; ஆனால் கவசம் மிகக் குறைவு. குறுகிய கால்வாய்க்குள் நுழைந்த படகின்மீது இரு கரைகளிலிருந்தும் சுடத் தொடங்கினால், அதைக் காப்பாற்ற மேலிருந்து யாராவது உடனே வந்தாக வேண்டும்.

முதலில் அந்த வேலையைத் தரைப்படையின் ஹெலிகாப்டர்கள் செய்தன. ஆனால் இருளில் நீர்ப்பரப்பின் மேல் தாழப் பறப்பதும், நங்கூரமிட்ட கப்பலின் சிறிய தளத்தில் இறங்குவதும் கடற்படை விமானிகளுக்குப் பழகிய வேலைகளே அன்றித் தரைப்படையினருக்குப் பழகியவை அல்ல. எனவே ஓர் ஏற்பாடு உருவானது: ஹெலிகாப்டர் தரைப்படையுடையது, ஓட்டுபவரும் சுடுபவரும் கடற்படையினர். 1966-இல் கடற்படையின் எச்.சி-1 என்ற படையணியிலிருந்து சிறு பிரிவுகள் அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டு அந்தப் பிரிவுகளை ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்தபோது பிறந்ததுதான் எச்.ஏ.எல்-3. அந்தப் போரில் அமெரிக்கக் கடற்படைக்கு இருந்த ஒரே தாக்குதல் ஹெலிகாப்டர் படையணி அதுவே.

அதற்குக் கிடைத்த யூ.எச்-1பி ரக ஹெலிகாப்டர்கள், தரைப்படை புதிய ரகங்களுக்கு மாறிக்கொண்டிருந்தபோது கைமாறியவை. ராக்கெட்டுகள், இயந்திரத் துப்பாக்கிகள், குண்டுகள், எரிபொருள், நான்கு பேர் என்று ஏற்றியபின், கழிமுகத்தின் வெப்பத்தில் அவை நேராக மேலெழவே திணறும். தரையில் சறுக்கியவாறு வேகம் சேர்த்துக்கொண்டு எழும்பியதாகப் பல விவரிப்புகளில் காணலாம். இரு விமானிகள் முன்னே அமர, இரு துப்பாக்கி வீரர்கள் திறந்த கதவோரங்களில் இருப்பார்கள். அவர்களுள் பலர் எம்-60 இயந்திரத் துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தாமல் கைகளிலேயே ஏந்தி, இடுப்புப் பட்டையின் பிடிமானத்தில் வெளியே சாய்ந்து, ஹெலிகாப்டரின் அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நோக்கிச் சுட்டார்கள். தாக்கிவிட்டுத் திரும்பும் கணத்தில்தான் ஹெலிகாப்டர் எளிதில் வீழ்த்தப்படும் என்பதால், இந்த வழக்கம் வீரச் சாகசம் அன்று. அது ஒரு தேவை. சுடாத நேரங்களில் ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்த்ததும் பெரும்பாலும் இதே வீரர்கள்தாம்.

படையணி ஒரே இடத்தில் கூடியிருக்கவில்லை. இரண்டு ஹெலிகாப்டர்கள் கொண்ட பிரிவுகளாகப் பிரிந்து, நா பே, வின் லாங் போன்ற தளங்களிலும், ஆறுகளில் நிறுத்தப்பட்ட பழைய தரையிறக்கக் கப்பல்களிலும் தங்கியிருந்தது. அழைப்பு வந்த சில நிமிடங்களில் எழும்பிவிட வேண்டும் என்பதே அவர்களது அன்றாடம். 1968 ஜனவரி இறுதியில், டெட் என்னும் வியட்நாமியப் புத்தாண்டையொட்டிக் கம்யூனிஸ்ட் படைகள் தொடங்கிய பெருந்தாக்குதலின்போது, கழிமுக நகரங்களைக் காத்த படகுகளுக்கு அவர்களே வான் துணை. அதே ஆண்டு மார்ச்சில், கடும் சூட்டுக்கிடையே காயமுற்றுக் கிடந்த அமெரிக்க ஆலோசகர்களை மீட்டதற்காக ஆலன் வெசெலெஸ்கி என்ற அதிகாரிக்கு, கடற்படையின் மிக உயர்ந்த வீர விருதுகளுள் ஒன்றான நேவி கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது. படையணிக்குக் கிடைத்த ஐந்து நேவி கிராஸ் பதக்கங்களுள் அதுவும் ஒன்று.

அமெரிக்கக் கடற்படை வரலாற்றில் மிக அதிகப் பதக்கங்கள் பெற்ற படையணி என்று இதைப் பலர் அறிமுகப்படுத்துவார்கள். எனக்கு அந்த அளவுகோலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தப் பட்டியலில் பெரும்பகுதியாக உள்ள ஏர் மெடல், பறந்த பணிகளின் எண்ணிக்கையைக் கொண்டும் வழங்கப்பட்டது. ஆகவே அவர்கள் ஓயாமல் பறந்தார்கள் என்பதைத்தான் அது முதன்மையாகக் காட்டுகிறது. உயிரிழந்தவர்கள் 44 பேர், காயமுற்றவர்கள் 200-க்கும் மேற்பட்டவர்கள் என்ற கணக்கே அந்த வேலையின் தன்மையை எனக்குக் கூடுதலாக உணர்த்துகிறது.

1969 முதல் போரைத் தென் வியட்நாமியரிடமே ஒப்படைக்கும் கொள்கை செயலுக்கு வந்தது. ரோந்துப் படகுகள் படிப்படியாகத் தென் வியட்நாமியக் கடற்படைக்கு மாற்றப்பட்டன. படகுகளைக் காப்பதற்கென்றே உருவான படையணிக்கு, படகுகள் கைமாறியபின் தாயகத்தில் செய்வதற்கு எந்த வேலையும் இல்லை. திரும்பிச் சென்று அமர ஒரு தளம் இல்லை; ஹெலிகாப்டர்களும் இரவல். ஆழ்கடல் கப்பற்படையின் அன்றாடத் திட்டங்களில், நீர்மூழ்கி எதிர்ப்புக்கும் மீட்புப் பணிக்கும் ஹெலிகாப்டர் வேண்டியிருந்ததே தவிர, தரையைத் தாக்கும் ஹெலிகாப்டருக்கு இடமில்லை. எனவே தோல்வியோ ஊழலோ விபத்தோ காரணமாக இது கலைக்கப்படவில்லை. மரீன் படையிடம் இரவல் பெற்ற ஓ.வி-10 விமானங்களுடன் 1969-இல் உருவாகி, இதே கழிமுகத்தில் பறந்த வி.ஏ.எல்-4 படையணியும் 1972 ஏப்ரலில், ஒரு மாத இடைவெளிக்குள், கலைக்கப்பட்டது என்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

ஆயினும் தரையைத் தாக்கும் ஹெலிகாப்டர்களின் துணை இல்லாமல் சிறப்புப் படையினர் இயங்குவது கடினம் என்பதைக் கடற்படை விரைவில் உணர்ந்தது. 1976-இல் எச்.ஏ.எல்-4, 1977-இல் எச்.ஏ.எல்-5 என்று இரண்டு படையணிகள் ரிசர்வ் பிரிவில் அமைக்கப்பட்டன. முன்னதன் பெயர் ‘ரெட் வுல்வ்ஸ்’ (சிவப்பு ஓநாய்கள்). ஓநாயை மட்டும் அவர்கள் விடவில்லை. பிற்காலத்தில் எச்.எஸ்.சி-84 என்று பெயர் மாறி ஈராக்கிலும் பறந்த அந்தப் படையணி, 2016-இல் கலைக்கப்பட்டது.